அரிப்பு எந்தப் பக்கமிருந்து வருகிறது?

மூளைப் புற்றுக்கட்டியை அறுத்தெடுத்த பிறகு, அந்தக் குழியிலேயே மருந்து வில்லைகளை வைத்து மூடிவிடும் சிகிச்சை ஒன்று உண்டு. வில்லையின் பெயர் கிளியாடெல். அகலம் 14.5 மி.மீ., தடிமன் 1 மி.மீ. அதிகபட்சம் எட்டு வில்லைகள் வைப்பார்கள். பாலிஅன்ஹைட்ரைடு என்ற பாலிமருக்குள் கார்முஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து பொதிந்திருக்கும். பாலிமர் கரையக் கரைய மருந்து வெளியேறும். மூன்று வாரத்தில் பாலிமரின் 70 விழுக்காட்டுக்கு மேல் கரைந்துவிடுவதால், வில்லையை எடுக்க மறுபடி மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. எம்.ஐ.டி.யின் ராபர்ட் லாங்கரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ஹென்றி பிரெமும் வளர்த்தெடுத்த இந்த முறைக்கு 1996இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இதன் சூட்சுமம் கரையும் விதத்தில் இருக்கிறது. பாலிஅன்ஹைட்ரைடு நீரை எளிதில் உள்ளே விடாது. ஆனால் நீர் பட்ட இடத்தில் அதன் பிணைப்புகள் சட்டென்று அறுந்துவிடும். அதனால் குளியல் சோப்பு தேய்வதுபோல வெளியிலிருந்து அடுக்கடுக்காகக் கரைகிறது.

கரையும் தையல் நூல்களுக்கும் மாதம் ஒருமுறை போடும் சில ஊசிமருந்துகளுக்கும் பயன்படும் லாக்டிக், கிளைக்கோலிக் அமிலப் பாலிமர்களின் குணம் வேறு. நீர் இவற்றுக்குள் ஊறிவிடும். பிணைப்புகள் மெதுவாக அறுபடும். சிதைவில் பிறக்கும் அமிலம் தடிமனான துண்டின் நடுவில் சிக்கிக்கொண்டு, சிதைவை மேலும் விரட்டும். வெளித்தோல் முழுசாக இருக்கும்போதே உள்ளே உளுத்துப்போகும்.

ஆய்வகத்தில் பிரித்தறிந்த இந்த இரண்டு வழிகளும் பவளத்திட்டுகளில் காலங்காலமாக நடப்பவைதான். அங்கே அரிப்பவை உயிரினங்கள்.

மேற்பரப்பைச் சுரண்டுவது கிளிமீன். அலகுபோல ஒன்றிணைந்த பற்களால், பாசி படர்ந்த இறந்த பவளத்தைக் கடித்து, தொண்டையிலுள்ள இன்னொரு பல்வரிசையால் அரைத்து, சத்தை எடுத்துக்கொண்டு மீதியை மணலாகக் கழிக்கிறது. மாலத்தீவின் வக்காரு தீவைச் சுற்றிப் புதிதாக உருவாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீன்கள் தந்தது என்று 2015இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பாசி நீங்கிய இடத்தில் பவளக் குஞ்சுகள் வந்து ஒட்டிக்கொள்ளவும் முடிகிறது.

உள்ளிருந்து குடைவது கிளையோனா என்ற கடற்பஞ்சு. அதன் செல்கள் அமிலத்தைச் சுரந்து சுண்ணாம்பில் வளையமாகக் கோடு கிழித்து, நுண்ணிய சில்லுகளாகப் பெயர்த்து வெளியே தள்ளுகின்றன. கரைவது சிறு பங்கு. பெரும்பகுதி சில்லாகவே போகிறது. மேலே உயிரோடு இருக்கும் பவளம், அடியில் சல்லடையாகி, ஒரு புயலில் முறிந்து விழும்.

பவள உயிரிகள் புதுச் சுண்ணாம்பைக் கட்டிக்கொண்டே இருக்கும்வரை இந்த அரிப்பால் திட்டுக்கு ஆபத்தில்லை. கட்டுவது நின்றால் என்னவாகும் என்பதைக் கலாபகசுத் தீவுகள் காட்டின. 1982-83இன் எல் நினோ வெப்பத்தில் அங்கிருந்த பவளங்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் மடிந்தன. மிஞ்சிய சுண்ணாம்புக் கூட்டைக் கடல் முள்ளெலிகள் கூட்டம் கூட்டமாகச் சுரண்டித் தின்றன. பல திட்டுகள் சில ஆண்டுகளிலேயே கற்குவியலாகி, பிறகு மணலாகிப்போயின.

பாலிமரின் சேர்மான விகிதத்தை மாற்றினால் அது வாரங்களில் கரைய வேண்டுமா, மாதங்களிலா என்பதை வேதியியலாளர் தீர்மானிக்கலாம். பவளத்திட்டில் அப்படி ஒரு பிடி நம் கையில் பாதிதான் இருக்கிறது. பெலீஸ் நாடு 2009இல் கிளிமீன் பிடிக்கத் தடை போட்டது. பாசியை மேயும் மீன் காப்பாற்றப்பட்டது. துளைக்கும் கடற்பஞ்சுக்கு எந்தச் சட்டமும் செல்லாது. கடல்நீரில் அமிலத்தன்மை கூடினால் அது இன்னும் வேகமாகக் குடைகிறது என்று சோதனைகள் காட்டியுள்ளன. அதே நீரில் பவளம் சுண்ணாம்பு கட்டும் வேகமோ குறைகிறது. அந்த அமிலத்தன்மையைக் கூட்டுவது நாம் காற்றில் விடும் கரியமில வாயு. மீனவரின் வலையைத் தடுப்பதைவிட, புகைபோக்கிகளைக் கட்டுப்படுத்துவதுதான் கடினமான பாதி.