வீட்டுக்கு ஆமைக்குட்டி வருகிறதா? உஷார்!

பிறந்தநாளுக்கு ஆமைக்குட்டி வாங்கித் தருகிறேன் என்று யாராவது உங்கள் பிள்ளையிடம் சொன்னால், சட்டென்று தலையாட்டிவிடாதீர்கள். ஏற்கெனவே வந்துவிட்டதா? இதைப் படித்த கையோடு எழுந்து போய் அதன் கண்களையும் முதுகு ஓட்டையும் பாருங்கள்.

அக்கா வீட்டில் ஏழு வயது மருமகனுக்குப் பரிசாக ஒரு குட்டி வந்தது. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு. பிளாஸ்டிக் தென்னை மரம் நட்ட சின்னத் தொட்டியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். அதில் தீனி உருண்டைகள் ஊறி உப்பிக் கிடந்தன. குட்டியின் கண்கள் இரண்டும் மூடியிருந்தன. "தூங்குது மாமா" என்றான் பையன். எடுத்து முதுகில் விரல் வைத்தேன். நனைந்த அட்டை மாதிரி அமுங்கியது.

விற்றவர் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: "ஒரு நாளைக்கு நாலு உருண்டை போடுங்க, போதும். இது பெருசா வளராது." மருத்துவரிடம் ஓடினோம். வைட்டமின் ஏ குறைவால் கண் வீங்கி மூடிவிட்டது, கால்சியமும் வெயிலும் கிடைக்காமல் ஓடு இளகிவிட்டது என்றார். நாலாம் நாள் காலையில் குட்டி அசையவில்லை. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். நாங்கள் பார்த்தது, வீடு புகுந்த ஆமை உருப்படாமல் போனதை.

முதல் கேள்வி: இது எந்த ஆமை?

நிலத்தில் நடப்பதும் குளத்தில் நீந்துவதும் நமக்கு ஆமைதான். ஆபத்து அந்த ஒரே பெயரில்தான் ஆரம்பிக்கிறது. நில ஆமைக்கு நீந்தத் தெரியாது, ஆழமான தண்ணீரில் விட்டால் மூழ்கிச் செத்துவிடும். நீர் ஆமையோ நீந்த இடமில்லாமல் நலிந்துபோகும். பெயர் தெரியாத குட்டியை வீட்டுக்குள் விடாதீர்கள்.

கறுப்பு ஓட்டில் மஞ்சள் கதிர்களா?

அது நட்சத்திர ஆமை. நம் வறண்ட புதர்க்காடுகளில் வாழ்வது. வீட்டில் வைத்தால் செல்வம் சேரும் என்று சொல்லி ரகசியமாகத் தள்ளிவிடுவார்கள். நம்பாதீர்கள்! 2022இல் திருத்தப்பட்ட காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் இது முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலும் வாங்கினாலும் விற்றாலும் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. பன்னாட்டு வணிகத்துக்கும் 2019இல் தடை வந்துவிட்டது. "வீட்டிலேயே குஞ்சு பொரித்தது" என்ற பேச்செல்லாம் சட்டத்தின் முன் நிற்காது. கையில் இருந்தால் தாமதிக்காமல் வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

வெளிநாட்டு நில ஆமை என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள உயிரினத்தை வளர்ப்பவர், அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் ஆப்பிரிக்க சல்காட்டா குட்டி வளர்ந்தால் 40, 50 கிலோ எடை வரும். மண்ணைத் தோண்டி வளை போடும். உங்களுக்குப் பிறகும் உயிரோடு இருக்கலாம். அடுக்குமாடி வீட்டில் அதை எங்கே வைப்பீர்கள்?

கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடா?

கடைகளில் அதிகம் கிடைக்கும் நீர் ஆமை இதுதான். பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. "பெருசா வளராது" என்பது பச்சைப் பொய். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், 20, 30 ஆண்டு வாழும். தாராளமாக நீந்துமளவு தண்ணீர், அதைச் சுத்தப்படுத்த ஃபில்டர், ஏறி உடம்பைக் காயவைக்க ஒரு மேடை, அதன்மேல் சூடு தரும் விளக்கு, கூடவே யூவிபி விளக்கு என எல்லாமே வேண்டும். ஜன்னலோரம் வைத்தால் போதாது. ஓட்டை உறுதியாக்கும் யூவிபி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அதற்காகக் கண்ணாடித் தொட்டியை உச்சி வெயிலில் வைத்துவிடாதீர்கள், குட்டி வெந்துவிடும். இளவெயில் போதும், பாதி இடம் நிழலாக இருக்க வேண்டும். உருண்டைத் தீனியோடு சின்ன மீன், கீரை என்று மாற்றிக் கொடுங்கள். சோறு, பால், ரொட்டி வேண்டவே வேண்டாம்.

பிள்ளைகள் பத்திரம்!

பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் ஆமையின் உடம்பிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகள் கையில் வைத்துக் கொஞ்சி, அதே கையை வாயில் வைப்பார்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகலாம். இதனால்தான் அமெரிக்கா 1975லேயே 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்கத் தடை போட்டது. ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தை, கர்ப்பிணி, முதியவர் இருக்கும் வீட்டில் ஆமை வேண்டாம். தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தொட்டித் தண்ணீரைச் சமையலறை சிங்க்கில் ஊற்றவே கூடாது. அக்கா வீட்டில் அதைத்தான் தினமும் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

குளத்தில் விட்டால் புண்ணியமா?

பாவம்! உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களில் ஒன்றாகச் சிவப்புக் கோட்டு ஆமை பட்டியலிடப்பட்டிருக்கிறது. கோயில் குளத்திலோ ஏரியிலோ விட்டால் நம் காராமையும் பாலாமையும் வெயில் காயும் இடத்தையும் இரையையும் இது பிடுங்கிக்கொள்ளும். வளர்க்க முடியவில்லையா? விவரம் தெரிந்து வளர்ப்பவரிடம் கொடுங்கள். மீட்பு மையத்தையோ கால்நடை மருத்துவரையோ கேளுங்கள். தண்ணீரில் மட்டும் விடாதீர்கள்.

கண் வீக்கம், மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், ஒரு பக்கம் சாய்ந்து நீந்துதல், தீனியைத் தொடாமல் இருத்தல், விரல் பட்டால் அமுங்கும் ஓடு. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஆமைக்கு வைத்தியம் தெரிந்த மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள். நாள் முழுக்கக் கண் திறக்காத குட்டியைப் பார்த்து, தூங்குகிறது என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் நினைத்திருந்தோம்.