மேலிடத்தில் சொல்லிவிட்டால் கடமை முடிந்துவிடுமா?

நம் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் பள்ளி, கல்லூரி, மதரஸா, விடுதிகளில் வேலை செய்வோர் ஏராளம். ஆசிரியர் மட்டுமல்ல, ஆயா, காவலாளி, வேன் ஓட்டுநரும்தான். உடன் வேலை செய்பவர் பிள்ளைகளிடம் தவறாக நடப்பதாகச் சந்தேகம் வந்தால், "மேலே சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது" என்று பலரும் இருந்துவிடுகிறார்கள். சட்டப்படி அது போதாது.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததாக அறிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை. தன்கீழ் வேலை செய்பவரின் குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. 18 வயது நிரம்பாதவர் எல்லோரும் இச்சட்டத்தில் குழந்தைகளே. பாலிடெக்னிக் மாணவர்களும், கல்லூரி முதலாண்டில் சேரும் 17 வயதுப் பிள்ளைகளும் இதில் அடங்குவர்.

2021 நவம்பரில் கோவையில் 17 வயது மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். தொல்லை கொடுத்ததாக ஆசிரியர் கைதானார். புகார் தெரிந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்று அவர் முன்பு படித்த பள்ளியின் முதல்வரும் கைதானார்.

அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடந்ததும் இதே கதை. முன்னாள் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் சிறுவனிடம் தவறாக நடந்ததை 2001இல் ஓர் இளம் ஊழியர் கண்டார். மறுநாளே தலைமைப் பயிற்சியாளரிடம் சொன்னார். அவர் நிர்வாகியிடம் சொன்னார். செய்தி மேலே மேலே போயிற்றே தவிர, காவல்துறைக்குப் போகவில்லை. அந்த மனிதர் கைதானது 2011இல். இடையில் பத்து ஆண்டுகள்! பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவரும் இரு நிர்வாகிகளும் 2017இல் தண்டிக்கப்பட்டார்கள்.

"இது புறம் பேசுவதாகாதா ஹஜ்ரத்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. அநீதியை அதிகாரமுள்ளவரிடம் முறையிடுவதை, புறம் பேசுதலில் அடங்காதவற்றுள் முதலாவதாக இமாம் நவவீ எண்ணுகிறார். குற்றம் சாட்டப்படுபவர் நம் உஸ்தாதாகவே இருந்தாலும் சரி. கல்வி, மார்க்க நிறுவன ஊழியர் செய்யும் இக்குற்றத்தைச் சட்டம் இன்னும் கடுமையாகவே பார்க்கிறது. ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசி முடிப்பதற்கு இதில் இடமே இல்லை.

ஆதாரம் தேடி அலையாதீர்கள். விசாரிப்பது காவல்துறையின் வேலை. பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்க வேண்டாம். சொன்னதை, அது சொன்ன வார்த்தைகளிலேயே தேதியுடன் எழுதி வையுங்கள். 1098 எண்ணை அழையுங்கள், அல்லது பகுதி மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். தகவலை எழுதிப் பதிந்து உங்களுக்குப் படித்துக்காட்ட வேண்டும்; பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது வழக்குப் போட முடியாது.

பிள்ளையை ஸ்டேஷனுக்கு அலைய விடுவார்களோ என்று தாய்மார்கள் பயப்பட வேண்டாம். வாக்குமூலம் வீட்டிலேயே, சீருடை அணியாத அதிகாரியால் பதியப்பட வேண்டும். இயன்றவரை அவர் பெண்ணாக இருக்க வேண்டும். இரவில் பிள்ளையை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பிள்ளையின் பெயரும் படமும் மட்டும் எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் போகக்கூடாது, நம் ஜமாஅத் குழு உட்பட.