கைவினைத் தளபாடமும் ஒளிப்படமும்

தச்சன் கையாற் சமைத்த ஒரு கதிரையை அறிதற்கு மூன்று வழிகள் உள. அதில் அமர்ந்து பார்க்கலாம், கையால் தடவிப் பார்க்கலாம், கண்ணாற் காணலாம். ஒளிப்படம் முதலிரண்டு வழிகளையும் அடைத்துவிட்டு, மூன்றாவதையும் ஒற்றைக் கண்ணளவிற் சுருக்கிவிடுகின்றது. ஆயினும், இன்று தச்சனுடைய வேலையைப் பெரும்பாலும் அதனைத் தொட்டறியாதாரே மதிப்பிடுகின்றனர். கடல் கடந்து வாழும் ஒருவர் ஒரு மேசைக்கு முற்பணம் அனுப்புவதும் அனுப்பாது விடுவதும் கைத்தொலைபேசியில் வந்த படத்தைப் பொறுத்ததாகின்றது. பழம்பொருள்களின் நிலைமையோ இன்னும் இரங்கத்தக்கது. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுவாசல்களை விட்டுப் பெயர்ந்தபோது, முதிரைப் பெட்டகத்தையும் சாய்மனைக் கதிரையையும் யாராற் சுமந்து செல்ல முடிந்தது? மீண்டு வந்தோர் பலர் அவற்றைக் காணவில்லை. அவற்றின் உருவம் எங்கேனும் எஞ்சியிருப்பின், ஒரு பழைய படத்தில் மணமக்களுக்குப் பின்னே பாதி மறைந்த நிலையில் எஞ்சியிருக்கும். தளபாடத்தையே பொருளாகக் கொண்டு படமெடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் வேரூன்றவில்லை.

கைவினைப் பொருளை ஆராய்வார்க்குப் படம் எத்துணை இன்றியமையாதது என்பதை உணர்ந்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. 1908 இல் வெளிவந்த, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூலுக்கு வேண்டிய படங்களைப் பெரும்பாலும் எடுத்தவர் அவர்தம் மனைவியார் எதெல் ஆவர். இன்று சட்டைப்பையிற் கமராவை வைத்துக்கொண்டிருக்கும் நாம் அத்துணைப் பொறுமை காட்டுகின்றோமல்லோம்.

முதலில் நிற்குமிடத்தைத் தெரிதல் வேண்டும். அரை மீற்றர் ஆழமுள்ள ஒரு கதிரையை, அதன் முன்காலிலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில் நின்று படம் பிடித்தால், முன்கால் பின்காலினும் ஒன்றரை மடங்கு பெரிதாகத் தோன்றும். மூன்று மீற்றர் பின்வாங்கி நின்றால் அவ்வேறுபாடு ஏறத்தாழ ஆறிலொரு பங்காகக் குறைந்துவிடும். கைத்தொலைபேசியின் முதன்மை வில்லை அகன்ற கோணத்தைக் காண்பதாதலின், பொருள் சட்டத்தை நிரப்பவேண்டுமென்று எண்ணி நாம் அருகே செல்கின்றோம். கதிரைக்கு யானைக்கால் வருவது இதனாலேதான். எட்ட நின்று, உருப்பெருக்கும் வில்லையைப் பயன்படுத்துக. அஃது இல்லையெனில், எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டிக்கொள்க. நிற்குமுயரமும் கருதற்பாலது. நின்றபடி கமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் அலுமாரியின் நிலைக்குத்துக் கோடுகள் கீழே குவிந்துபோகும். பொருளின் பாதியுயரத்திற் கமராவைச் சாயாது நிறுத்துதலே முறை. தாழ்ந்த மேசையாயின் முழந்தாளிட வேண்டியதுதான்.

இனி, ஒளி. கமராவோடு பொருத்திய மின்னல்விளக்கைத் தளபாடத்துக்குப் பயன்படுத்துதல் கூடாதென்பது என் துணிபு. நேர்முன்னே வரும் ஒளி நிழலை அழித்துவிடும். நிழல் இன்றேற் செதுக்கு வேலையும் இல்லை. நம் ஊர் வீட்டு விறாந்தையில், வெயில் நேரே படாத வேளையில் ஒரு பக்கத்திலிருந்து வரும் வானொளியே போதும். மறுபக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் கருநிழல் மென்மையாகும். பூவேலையைக் காட்ட விரும்பின், ஒளி மேற்பரப்பை உரசிச் செல்லுமாறு பதினைந்து இருபது பாகைக் கோணத்தில் வரட்டும். அப்பொழுது உளியின் தடம் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். அமெரிக்கரான உவாக்கர் எவன்சு, 1935 இல் நியூயோர்க்கில் நடந்த ஆபிரிக்கக் கலைக் கண்காட்சியின் சிற்பங்களைப் படமெடுத்தபோது, ஒளிபடுத்தும் நேரம் முழுவதும் விளக்கை அசைத்துக்கொண்டே இருக்கச் செய்து, கடுநிழல் விழாது தடுத்தார். இருட்டறையில், முக்காலியில் நிறுத்திய கமராவும் கைவிளக்கொன்றும் கொண்டு நம் மாணவரும் இதனைச் செய்து பார்க்கலாம்.

மெருகிட்ட மேற்பரப்பிலேதான் சிக்கல் மிகுதி. படுகோணமும் தெறிகோணமும் சமமென்பது நாம் வகுப்பிற் படித்த விதி. மேசைப் பலகையில் யன்னல் வெண்பாளமாகத் தெரிகின்றதெனின், கமரா அத்தெறிகோணத்தில் நிற்கின்றதென்பதே பொருள்; ஓரடி விலகினால் யன்னல் மறையக்கூடும். முனைவாக்கி எனப்படும் வடிகண்ணாடியும் துணைசெய்யும். வார்னிஷ் பூசிய பரப்பை அதனோடு ஏறக்குறைய 34 பாகை சாய்வில் நோக்கும்போது அதன் பயன் மிகுதி. ஆனால் எல்லா மினுக்கத்தையும் அழித்தல் பிழை. கருங்காலியை எண்ணிப் பாருங்கள். அம்மரம் ஒளியை விழுங்குவது; அதன் செதுக்கு வேலை விளிம்புகளில் தெறிக்கும் சிறு மினுக்கங்களாலேயே கண்ணுக்குப் புலனாகின்றது. அவற்றை நீக்கினால் எஞ்சுவது ஒரு கரிய பள்ளம். மேலும், கமராவின் ஒளிமானி தான் காண்பது நடுச்சாம்பல் நிறமென்றே கருதிக்கொள்வதால் கருங்காலியைச் சாம்பலாக்கிவிடும். ஆதலின், அது காட்டும் அளவினும் ஒளியைக் குறைத்தல் வேண்டும்.

முதிரையோ இதற்கு நேர்மாறு. அதன் நார்கள் ஒன்றோடொன்று எதிரெதிராகப் பின்னி வளர்வதால், பலகையில் வெளிச்சமும் மங்கலும் பட்டையாக மாறிமாறித் தோன்றும். நாம் நகர்ந்தால் அவையும் நகரும். பட்டுத்துணியின் இந்த இயல்பை ஒரே படம் ஒருபோதும் காட்டாது. விளக்கை இடம் மாற்றி இரண்டு மூன்று படங்கள் எடுத்து அருகருகே வைத்தாற்றான் முதிரை முதிரையாகும்.

நிறத்திலும் எச்சரிக்கை வேண்டும். பகலொளியின் நிறவெப்பநிலை ஏறக்குறைய 5,500 கெல்வின். பழைய இழைவிளக்கினது 2,800 அளவினது. இரண்டும் கலந்த அறையில் ஒரே கதிரையின் ஒரு கை மஞ்சளாகவும் மறுகை நீலமாகவும் தோன்றும். பச்சைச் சுவரும் தன் நிறத்தை மரத்தின்மீது பூசும். விளக்கை அணைத்துவிட்டு, முதற்படத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் தாளை அருகே வைத்து எடுத்தால், பின்னர் அதனைக் கொண்டு நிறத்தைத் திருத்தலாம். வேம்பைத் தேக்கென மயங்குமாறு செம்மையைக் கூட்டும் வழக்கம் இக்காலத்தில் மலிந்துள்ளது. அது திருத்தமன்று, பொய்யேயாம். பொருள் கைக்கு வந்தபின் பழி தச்சன்மேல் விழும்.

முகப்பு மட்டும் காட்டும் படம் பாதிப் படமே. துகட்பலகையில் மெல்லிய மரத்தோல் ஒட்டிய தொழிற்சாலைப் பொருளும் முன்புறத்தில் அழகாகவே இருக்கும். கைவேலையின் சான்று பிறவிடங்களில் உளது: இலாச்சியின் மூலையிற் புறாவால்போல் விரிந்து கோத்த பொருத்து, காலிற் குடைந்த துளையும் அதிற் செருகிய நாக்கும், சீவுளி விட்டுச்சென்ற மெல்லிய அலை, பிரம்புப் பின்னலின் முடிச்சு. கமராவிலே துவாரத்தை மாற்ற இயலுமாயின், அதனைக் குவியத்தூரத்தில் எட்டிலொரு பங்களவுக்குச் சுருக்கி, முக்காலியில் நிறுத்தி இவற்றை அண்மையில் எடுக்க. கதிரையைக் கவிழ்த்து அடிப்புறத்தையும், அலுமாரியைத் திருப்பி முதுகையும் எடுக்க. வெடிப்பையும் பழுது பார்த்த இடத்தையும் மறையாது எடுக்க. ஒரு படத்திலேனும் அடிக்கோல் ஒன்று பொருளோடு சேர்ந்து தெரியட்டும். மரத்தின் பெயர், நீள அகல உயரம், செய்த ஆண்டு, செய்த தச்சரின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அத்தாளையும் கடைசிப் படமாக எடுத்துக்கொள்க.