உங்களுக்குத் தெரியுமா? ஒரு ஊரே அழுத கால்பந்து நாயகர்கள்!

2023 செப்டம்பர் 15, வெள்ளிக்கிழமை இரவு. மெல்போர்ன் நகரின் எம்.சி.ஜி. மைதானத்தில் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்து அரையிறுதி. மோதியது மெல்போர்னும் கார்ல்டனும். வித்தியாசம் வெறும் 2 புள்ளி!

மறுநாளே ரான் பராசி காலமானார். வயது 87. அவர் வாழ்நாளில் ஆடியது இரண்டே கிளப்புகளுக்குத்தான். எவை தெரியுமா? மெல்போர்ன், கார்ல்டன்! அந்த இரு கிளப் ரசிகர்களும் சேர்ந்து அழுதார்கள்!

மைதானத்துக்கு வெளியே பராசிக்கு வெண்கலச் சிலை உண்டு. அதன் காலடியில் பூங்கொத்தோடு கிளப் மஃப்ளர்களும் குவிந்தன. கழுத்தில் கிடந்ததைக் கழற்றி வைத்துவிட்டுப் போவதுதான் அந்த ஊர் ரசிகரின் அஞ்சலி!

அரசு மரியாதையுடன் இறுதி நிகழ்ச்சி. தேவாலயத்தில் அல்ல, எம்.சி.ஜி. மைதானத்திலேயே! 2023 நவம்பர் 10. பொதுமக்களுக்கும் வாசல் திறந்தது!

அப்படி என்ன செய்துவிட்டார் என்கிறீர்களா? வீரராக 6 சாம்பியன் பட்டம். பயிற்சியாளராக 4. மொத்தம் 10!

அதிலும் 1970 இறுதிப் போட்டியைக் கேளுங்கள். பராசி அப்போது கார்ல்டனின் கோச். பாதி ஆட்டம் முடிந்தபோது அணி 44 புள்ளி பின்தங்கிக் கிடந்தது. ரசிகர்கள் நம்பிக்கை இழந்துவிட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு பந்தைக் காலால் உதைப்பதைவிடக் கையால் குத்திக் குத்தி நகர்த்தச் சொன்னார் பராசி. கடைசியில் 10 புள்ளியில் வெற்றி! நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? 1,21,696!

பராசியின் அப்பாவும் மெல்போர்ன் வீரர்தான். 1940இல் கோப்பை வென்றார். 1941இல் வட ஆப்பிரிக்காவின் டொப்ரூக் போர்முனையில் உயிர்விட்டார். அப்போது மகனுக்கு வயது 5!

அப்பாவின் ஜெர்சி எண் 31. மகன் கேட்டு வாங்கி அணிந்ததும் அதே 31!

மகன் வளர்ந்தது யார் வீட்டில் தெரியுமா? அப்பாவின் நண்பரும் மெல்போர்ன் கோச்சுமான நார்ம் ஸ்மித் வீட்டுக் கொல்லைப்புறத்து அறையில்! அந்த ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து தூக்கிய கோப்பைகள்தான் அந்த 6-ம்!

முன்னாள் வீரரின் மகனை அப்பாவின் கிளப்பே எடுத்துக்கொள்ளலாம் என்றொரு விதி இன்றும் இருக்கிறது. இந்தப் பையனை விட்டுவிடக் கூடாது என்று மெல்போர்ன் கிளப் துடித்த துடிப்பில் பிறந்த விதி அது!

இன்னொன்று. இது எனக்கு மிகப் பிடித்தது. 2006 காமன்வெல்த் விளையாட்டுத் தொடக்க விழா. 70 வயது பராசி கையில் தொடரோட்டக் கோலோடு மெல்போர்னின் யாரா ஆற்றின் மேல் நடந்தே வந்தார்! தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே மேடை ஒளித்து வைத்திருந்தார்கள். பார்த்தவர் கண்ணுக்குத் தெரிந்தது தண்ணீரும் பராசியும் மட்டுமே!

அடுத்தவர் டெட் விட்டன். ஊர் வைத்த பட்டப்பெயர் ‘மிஸ்டர் ஃபுட்பால்’!

ஃபுட்ஸ்க்ரே என்ற ஒரே கிளப்புக்கு 321 ஆட்டங்கள். 1970இல் அது புதிய சாதனை. சாதனையைத் தொட்ட கையோடு ஆட்டத்துக்கு முழுக்கு!

புற்றுநோய் அவர் பார்வையைப் பறித்தது. 1995 ஜூன் 17 அன்று, மகன் பக்கத்தில் இருக்க, திறந்த காரில் எம்.சி.ஜி. மைதானத்தைச் சுற்றி வந்தார். கண் தெரியாத மனிதர் கூட்டத்தின் குரல் வந்த பக்கமெல்லாம் கையசைத்தார். அழாதவர் யாருமில்லை! இருக்கும்போதே விடைகொடுத்தார்கள் அந்த ரசிகர்கள். இதைவிடப் பெரிய மரியாதையை நான் எந்த விளையாட்டிலும் கண்டதில்லை!

ஆகஸ்ட் 17 அன்று மறைந்தார். அந்தச் சுற்றுக்குச் சரியாக 2 மாதம்!

அவர் ஆடிய மைதானத்துக்கு இப்போது அவர் பெயர்தான். விட்டன் ஓவல்!

ஜான் கோல்மன் தெரியுமா? 98 ஆட்டத்தில் 537 கோல்! முதல் ஆட்டத்திலேயே 12! 1973இல் இறந்தபோது வயது 44தான். ஆண்டுதோறும் அதிகக் கோல் அடிப்பவருக்கு இன்றும் கோல்மன் பதக்கம்!

இப்போது ஜிம் ஸ்டைன்ஸ். அயர்லாந்தின் டப்ளின் பையன். பந்து உருண்டையாக இருக்கும் ஆட்டத்தில் வளர்ந்தவர். 1984இல் முட்டை வடிவப் பந்து ஆடக் கண்டம் தாண்டி வந்தார். அவரை அழைத்து வந்தது, அயர்லாந்தில் ஆள் தேடும் மெல்போர்ன் கிளப்பின் திட்டம். அதில் முன்னின்ற கோச் யார்? நம்ம பராசி!

1987இல் ஒரு தவறு. இறுதிப் போட்டிக்கு ஒரு படி முன்பு, உதைக்க நின்ற எதிரணி வீரரின் குறுக்கே ஓடிவிட்டார். தண்டனையாக, உதைக்கும் இடம் கோலை நோக்கி 15 மீட்டர் நகர்ந்தது. அந்த நெருக்கத்தில் நின்று, சைரன் ஒலித்த பிறகு எதிரணி கோல் அடித்தது. மெல்போர்ன் 2 புள்ளியில் தோற்றது!

ஒடிந்துபோவார் என்று நினைத்தீர்களா? 4 ஆண்டில் ஆட்டத்தின் மிக உயரிய பிரவுன்லோ பதக்கம்! தொடர்ந்து 244 ஆட்டங்கள், இடையில் ஒன்றுகூட விடாமல்! 2025 வரை அதை யாரும் தொடவில்லை!

1994இல் இளைஞர்களைக் கைதூக்கிவிட ‘ரீச்’ என்ற அமைப்பை நண்பரோடு சேர்ந்து தொடங்கினார். 2008இல் கடனில் மூழ்கிய மெல்போர்ன் கிளப்புக்குத் தலைவரானார். மறு வருடமே புற்றுநோய். அப்போதும் பதவியை உதறிவிட்டு ஒதுங்கிப் போகவில்லை. கடன் அடைந்தது!

2012 மார்ச் 20 அன்று மறைந்தார். வயது 45. செயின்ட் பால் பேராலயத்தில் இறுதிப் பிரார்த்தனை. உள்ளே இடமில்லை. எதிரே ஃபெடரேஷன் சதுக்கத்தில் பெரிய திரை. ஆயிரக்கணக்கானோர் நின்றபடியே அழுதார்கள்!

விட்டன் பெயரிலும் பாலம், ஸ்டைன்ஸ் பெயரிலும் பாலம்! மெல்போர்ன் போனால் முதலாவதைக் காரிலும் இரண்டாவதை நடந்தும் கடக்கலாம்!

கடைசியாக ஒரு கணக்கு. 1954 இறுதிப் போட்டியில் விட்டனின் ஃபுட்ஸ்க்ரே, மெல்போர்னை வென்றது. தோற்ற அணியில் 18 வயதுப் பராசி! கிளப்பின் அடுத்த கோப்பைக்கு ஃபுட்ஸ்க்ரே ரசிகர்கள் காத்திருந்தது 62 வருடம்!

2021 இறுதிப் போட்டியில் மீண்டும் அதே இரு கிளப்புகள். ஃபுட்ஸ்க்ரே இப்போது வெஸ்டர்ன் புல்டாக்ஸ். கோப்பை பார்த்து 57 வருடமான மெல்போர்னின் கேப்டன் மேக்ஸ் கான். அவர் முதுகில் இருந்த எண் 11. ஸ்டைன்ஸ் அணிந்த அதே 11! பராசிக்கு அப்போது 85 வயது. மெல்போர்ன் ஜெயித்தது எத்தனை புள்ளியில் தெரியுமா? 74!