தோலுக்குள் ஒரு குடை

உங்கள் புறங்கையின் நிறத்தையும், மேற்கையின் உட்புற நிறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே உடலின் தோல்தான். ஆனால் நிறம் ஒன்றாக இருக்கிறதா? பெரும்பாலும் இராது. காரணம் என்ன?

நம் தோலில் மெலனோசைட் என்னும் செல்கள் உள்ளன. இவை மெலனின் என்ற நிறமியை உண்டாக்குகின்றன. இச்செல்களின் எண்ணிக்கை வெள்ளையருக்கும் நமக்கும் ஏறக்குறையச் சமமே. அவை உண்டாக்கும் மெலனினின் அளவும் வகையும்தான் வேறுபடுகின்றன. இதைப் பெரிதும் தீர்மானிப்பவை பெற்றோர் வழி வரும் மரபணுக்கள். வெயில் பட்டால் மெலனின் மேலும் கூடும்.

தஞ்சாவூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் உள்ளது. ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நண்பகல் சூரியன் அங்கே நேர் உச்சிக்கு வருகிறது. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்கள் தோல் செல்களின் டி.என்.ஏ.வைச் சிதைக்கக்கூடியவை. மெலனின் அக்கதிர்களை உறிஞ்சிக்கொள்கிறது. செல்லின் உட்கருவின்மேல் அது குடைபோலக் கவிந்திருப்பதை நுண்ணோக்கியில் காணலாம். வெயில் குறைந்த வடபுல நாடுகளில் இத்தனை பெரிய குடை தேவையில்லை. அங்கே வெளுத்த தோல் வைட்டமின் டி உண்டாக உதவியது.

அப்படியானால் 'சிவப்புத்தான் அழகு' என்ற எண்ணம் எப்படி வந்தது? அதற்கான காரணங்களுள் ஒன்றைக் காவிரிப் படுகையின் வயல்களிலேயே காணலாம். நாற்று நட்டவர்கள் வெயிலில் நின்றார்கள். நிலத்துக்கு உரியவர்கள் நிழலில் இருந்தார்கள். வெளுத்த தோல் வசதியின் அடையாளமாயிற்று. சாதி வேற்றுமையும் அதனுடன் சேர்ந்துகொண்டது. ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் வெளுப்பே செல்வத்தின் அடையாளம். உழைப்பாளர்கள் ஆலைகளுக்குள் சென்றபின் நிலைமை தலைகீழாயிற்று. 1920-களிலிருந்து, கடற்கரை வெயிலில் படுத்துத் தோலைக் கறுப்பாக்கிக்கொள்வது அங்கே நாகரிகம்! மாறியது தோலின் வேலையன்று. அதற்கு மனிதர் கொடுத்த மதிப்புத்தான்.

நம் நாட்டில் 1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு விற்பனைக்கு வந்தது. 2020-இல் அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல் நீக்கப்பட்டது. ஆனால் ஆசை நீங்கவில்லை. தயாரித்தவர் பெயர்கூட இல்லாத சில களிம்புகளில் பாதரசம் கலக்கப்படுகிறது. அது மெலனின் உண்டாவதைத் தடுக்கும். தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் கெடுக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய களிம்பு பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை மருத்துவர்கள் 2023-இல் எடுத்துக்காட்டினார்கள். குடையைக் கிழிக்கப் போய் உயிரைப் பணயம் வைக்கலாமா?

வகுப்பில் யாரேனும் ஒருவரைக் 'கறுப்பு' என்று கேலி செய்தால், அந்தக் கறுப்பு என்ன வேலை செய்கிறது என்று விளக்கிச் சொல்லுங்கள்.