கணினிப் பணியை வெளியாரிடம் ஒப்படைக்கும் முன்

நெய்யாறு கடலோடு கலக்கும் பூவார் பொழிமுகத்தில், படகில் மட்டுமே சென்று சேரக்கூடிய விடுதிகள் சில உள்ளன. அவற்றுள் ஒன்றின் உரிமையாளர் ஒரு டிசம்பர் மாதத்தில் எங்கள் கிளைக்கு வந்தார். அம்மாதத் தவணையைச் செலுத்தச் சிறிது அவகாசம் வேண்டும் என்றார். ஏழு ஆண்டுகளாகத் தவணை தவறாதவர். காரணத்தை விசாரித்தோம். விடுதியின் முன்பதிவு இணையதளம் பத்து நாட்களாகத் திறக்கவில்லை. தளத்தை அமைத்துப் பராமரித்து வந்த இளைஞர் வேலை கிடைத்து வெளிநாடு சென்றுவிட்டார். தளத்தின் பெயர் விடுதியின் பெயரில் பதிவாகியிருக்கவில்லை; அந்த இளைஞரின் சொந்த மின்னஞ்சல் முகவரியில் பதிவாகியிருந்தது. ஆண்டுச் சந்தா கேட்டு வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவருக்கே சென்றன. அவர் பார்க்கவில்லை; பெயர் காலாவதியாகிவிட்டது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று ஆண்டின் பெரும் வருவாய் வரும் இரண்டு வாரங்களில் அறைகள் காலியாகக் கிடந்தன.

இவர் தம் கணினிப் பணியை வெளியாரிடம் விட்டதே பிழை என்று சிலர் கூறக்கூடும். நாங்கள் அவ்வாறு கருதவில்லை. பதினைந்து அறைகள் கொண்ட ஒரு விடுதி முழுநேரக் கணினி வல்லுநர் ஒருவரை மாதச் சம்பளத்தில் அமர்த்துவது கட்டுப்படியாகாது. அமர்த்தினாலும், அவர் விடுப்பில் செல்லும் நாளில் நிலைமை இதுவாகவே இருக்கும். வேலையைக் கொடுத்தபோது சாவியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டதே அவர் செய்த பிழை.

அவுட்சோர்சிங் என்று வணிக உலகம் அழைக்கும் இந்த ஏற்பாட்டைப் பற்றி எங்களிடம் கேட்கும் வாடிக்கையாளர்கள், பெரும்பாலும் செலவு குறையுமா என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். அக்கேள்வி இரண்டாவதாக வரவேண்டியது. எது நம் கையை விட்டுப் போகக்கூடாது என்பதே முதற்கேள்வி. 2004 ஆம் ஆண்டு பார்தி ஏர்டெல் நிறுவனம் தன் தகவல் தொழில்நுட்பப் பணிகளைப் பத்தாண்டு ஒப்பந்தத்தில் ஐபிஎம் நிறுவனத்திடம் ஒப்படைத்தபோது, தொலைபேசி நிறுவனம் தன் உயிர்நாடியையே பிறரிடம் கொடுக்கிறதே என்று வியந்தவர்கள் உண்டு. ஆனால் வாடிக்கையாளர் உறவையும் விற்பனையையும் அது தன்னிடமே வைத்துக்கொண்டது. ஐபிஎம்முக்குச் சேரவேண்டிய தொகை ஏர்டெலின் வருவாயோடு இணைக்கப்பட்டது. ஏர்டெல் வளர்ந்தால்தான் ஐபிஎம்முக்கும் ஆதாயம். பாறசாலையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவருக்கு இத்தகைய ஒப்பந்தம் வாய்க்காது. எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்ற பகுப்பு மட்டும் அவருக்கும் பொருந்தும். கணினிப் பழுது பார்த்தல், மென்பொருளைப் புதுப்பித்தல், இணையதளம் பராமரித்தல் ஆகியவற்றைக் கொடுக்கலாம். வாடிக்கையாளர் பட்டியல், கொள்முதல் விலை, வங்கிக் கணக்கில் பணம் அனுப்பும் அதிகாரம் ஆகியவற்றைக் கொடுக்கலாகாது. கணக்குப் பார்க்க வரும் பையனிடமே ஓடிபி வரும் கைபேசியையும் கொடுத்து வைத்திருக்கும் வாடிக்கையாளர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். இதனை எத்தனை முறை எச்சரித்தாலும் தகும்.

இனிச் செலவுக்கு வருவோம். சேவை நிறுவனம் சொல்லும் மாதக் கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. உள்ளீட்டு வரி வரவு எடுக்கத் தகுதியுள்ளவர்களுக்கு அது சுமையன்று. ஆனால் 5 விழுக்காடு வரி செலுத்தும் உணவகங்களும், காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறு வணிகர்களும் அந்த வரவை எடுக்க முடியாது. அவர்களுக்கு 18 விழுக்காடு முழுவதும் கைச்செலவு. பத்தாயிரம் என்று பேசி முடித்தது பதினோராயிரத்து எண்ணூறாக வந்து நிற்கும். மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். சேவை அளிப்பவர் குறு அல்லது சிறு நிறுவனமாக உத்யம் பதிவு பெற்றிருந்தால், எழுத்து மூலமான ஒப்பந்தம் உள்ளபோது அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லாதபோது 15 நாட்களுக்குள்ளும் அவருக்குப் பணம் செலுத்தியாக வேண்டும். தவறினால், உண்மையில் செலுத்தும் ஆண்டில்தான் அதனை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட இயலும். இவ்விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது.

எங்கள் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை. சாலை ஒன்றுதான், மாநிலம் இரண்டு. இப்பக்கம் கடையும் அப்பக்கம் கிடங்கும் வைத்திருப்பவர்கள் பலர். இவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவும் இரண்டு வேண்டும்: 32 எனத் தொடங்குவது கேரளத்துக்கு, 33 எனத் தொடங்குவது தமிழ்நாட்டுக்கு. தம் கிடங்கிலிருந்து தம் கடைக்கே சரக்கு வந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது மாநிலங்களுக்கு இடையேயான விநியோகம், ஐஜிஎஸ்டி விதிக்கப்படும். மதிப்பு ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் வேண்டும். ஒரே ஊருக்குள் வணிகம் செய்வோருக்கென அமைத்த பில்லிங் மென்பொருளை இவர்களுக்கு விற்றுவிட்டு, மாத முடிவில் கணக்கு ஒத்துவராமல் திண்டாட விடும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். ஆகவே, மென்பொருளின் அழகைக் காட்டும் செய்முறை விளக்கத்தில் மயங்காமல், உங்கள் கடையின் சென்ற மாத உண்மையான பில்களில் இருபதைக் கொடுத்து, உங்கள் கண்முன்னே பதிவு செய்து காட்டச் சொல்லுங்கள். எங்கள் அனுபவத்தில் இதைவிடச் சிறந்த சோதனை இல்லை.

வங்கிகளும் தங்கள் பணிகளில் ஒரு பகுதியை வெளியாரிடம் ஒப்படைக்கின்றன. அதற்கென இந்திய ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரல் 10 அன்று வெளியிட்ட விரிவான நெறிமுறை, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வேலையை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க இயலாது என்பதே அதன் அடித்தளம். இது ஏட்டளவில் நிற்கும் எச்சரிக்கை அன்று. 2024 ஜூலை இறுதியில், ஸ்டேட் வங்கியும் டிசிஎஸ் நிறுவனமும் கூட்டாக அமைத்த சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் நிறுவனம் பிணைத்தொகை கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. தொற்று பரவாமலிருக்க, தேசியக் கொடுப்பனவுக் கழகம் அந்நிறுவனத்தின் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்தது. அதன் சேவையை நம்பியிருந்த கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள் என ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யுபிஐ வழியே பணம் அனுப்ப முடியாமல் தவித்தனர். ஆகஸ்டு 1 அன்று இணைப்பு மீண்டது. கிராம வங்கியின் கவுண்டரில் அன்று நின்றவர் சி-எட்ஜ் என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார். அவர் கோபம் முழுவதும் கவுண்டருக்கு அப்பால் இருந்த எழுத்தர் மீதுதான். உங்கள் கடையிலும் அவ்வாறே நிகழும். பிரிட்டனில் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில், தன் தாய்க் குழுமத்தின் தொழில்நுட்ப நிறுவனத்தை நம்பிக் கணினி அமைப்பை மாற்றியபோது லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் போயிற்று. வங்கிக்கு 4.86 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது. சேவை நிறுவனத்தின் தயார்நிலையைச் சரிவர உறுதி செய்யாததற்காக, வங்கியின் தலைமைத் தகவல் அதிகாரி மீது தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம் 2023 இல் விழுந்தது.

ஒப்பந்தத்தில் கட்டணத்தைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கும். பிரிவதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. பிரியும் நாளில் உங்கள் தரவு எந்த வடிவில், எத்தனை நாட்களுக்குள் உங்களிடம் திரும்பி வரும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, புதியவருக்குக் கைமாற்றிக் கொடுக்கும் வரை பழையவர் துணை நிற்பாரா என்பவற்றைக் கையெழுத்திடும் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். பின்னர் கேட்டால் கிடைக்காது. சேவை நிறுவனம் உங்கள் வேலையை மூன்றாமவருக்கு உள்ஒப்பந்தமாகக் கொடுக்குமா என்றும் கேளுங்கள், பலர் கேட்பதில்லை. விருந்தினரின் அடையாள அட்டை நகல், கைபேசி எண் போன்றவற்றை நீங்கள் சேகரித்தால், 2023 ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொறுப்பாளியாகக் கருதுவது உங்களையே. தரவைக் கையாள்பவர் வேறொருவர் என்பதால் அப்பொறுப்பு நீங்காது. கம்பெனியாகப் பதிவு பெற்றவர்கள், கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் நாளும் நேரமுமாகப் பதிவாகிறதா என்பதையும், கணக்கின் நகல் இந்தியாவிலுள்ள கணினியில் நாள்தோறும் சேமிக்கப்படுகிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நகல் சேமிப்பு இருக்கிறது என்று வாய்மொழியாகச் சொல்வதை நாங்கள் ஏற்பதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும், அந்நகலைக் கொண்டு கணக்கை வேறொரு கணினியில் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். திறக்காத நகல்களே அதிகம்.

விடுதி உரிமையாளருக்கு அவகாசம் அளித்தோம். காலாவதியான பெயரைப் பிறர் எடுத்துக்கொள்ளும் முன் மீட்கச் சில வாரங்கள் இருந்தன. அந்த இளைஞரின் பெற்றோர் நெய்யாற்றின்கரையில் இருந்ததால் அவரைத் தொடர்புகொள்ளவும் முடிந்தது. பொங்கலுக்குச் சற்று முன்னர் தளம் திறந்தது. அதற்குள் பருவம் முடிந்திருந்தது. இப்போது இணையப் பெயர், மின்னஞ்சல், பணம் பெறும் நுழைவாயில் மூன்றும் விடுதியின் பெயரில் பதிவாகியுள்ளன. கடவுச்சொற்கள் எழுதிய தாளை உறையிலிட்டு எங்கள் கிளையில் உள்ள தம் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்திருக்கிறார். பராமரிப்பு வேலையை இப்போதும் வெளியாரே செய்கிறார்கள்.