எலும்பு தானாகக் கூடும்

விடிய இன்னும் நேரம் இருக்கிறது. தேவாரம் கடைவீதியில் டீக்கடை அடுப்பு மட்டும் எரிகிறது. கையில் தூக்குச்சட்டியும் மழைக்கு மடித்து வைத்த பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் ஜீப்புக்காக நிற்கிறார்கள். இந்தப் பக்கத்தில் 'மலை வேலை' என்றால் ஏலத்தோட்ட வேலை. தலைக்கு மேலே தெரிகிற மலைதான். அந்தப் புறம் இறங்கினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். சாக்கலூத்து மெட்டு வழியாக நேரே ஏறச் சாலை வேண்டும் என்று இந்த ஊர் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஆகவே போடி போய்ப் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். இல்லையென்றால் கம்பம் மெட்டைச் சுற்ற வேண்டும். சாயங்காலம் அதே வழியில் இறக்கம்.

வளைவில் ஜீப் கவிழ்கிறது. நிழல்மரத்தில் கவாத்துப் பார்ப்பவர் கிளையோடு விழுகிறார். ஈரப் பாறையில் மூட்டை சுமப்பவர் சறுக்குகிறார். இப்படி உடைகிற காலை அரசு மருத்துவமனை வாசலில் முதலில் தொடுபவர் பேராசிரியராக இருப்பது அபூர்வம். எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் முதுநிலைத் தேர்வு எழுதி, எம்.எஸ். ஆர்த்தோ சேர்ந்த ஒரு 'பி.ஜி.'தான் முதலில் வருவார். மூன்று வருடப் படிப்பு. அந்த மூன்று வருடத்தில் அவர் கற்பது என்ன?

முதலில் விரலைப் பார்

வெளியே இருப்பவர்களுக்கு எலும்பு மருத்துவம் என்றால் சுத்தியல், டிரில், ஸ்க்ரூ. ஆனால் முதலாம் ஆண்டு பி.ஜி.யின் உலகம் பிளாஸ்டர் ரூம். மாவுக்கட்டு போடுவது சின்ன வேலை என்று நினைத்து வருகிற யாரையும் அந்த அறை ஒரே வாரத்தில் அடக்கிவிடும்.

கட்டுத்துணிச் சுருளை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் உள்ளே உலர்ந்த மாவு நிற்கும். பஞ்சை எலும்பு துருத்தும் இடங்களில் கூடுதலாக வைத்துச் சுற்ற வேண்டும். ஈரக்கட்டைத் தாங்கும்போது உள்ளங்கைதான் பட வேண்டும். விரல்நுனி பட்டால் அந்தக் குழி அப்படியே இறுகி, உள்ளே தோலைப் புண்ணாக்கும். இறுகும்போது கட்டு சூடேறும். அதிகமாகச் சூடுள்ள நீரில் நனைத்துத் தடிமனாகப் போட்டால் தோலே வெந்துவிடும். 1850-களின் தொடக்கத்தில் அந்தோனியஸ் மதைசன் என்ற டச்சு ராணுவ மருத்துவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த இந்தக் கட்டு இன்னும் ஓய்வு பெறவில்லை.

கட்டுப் போட்டதும் வேலை முடியாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விரல்களை மெதுவாக நிமிர்த்திப் பார்க்க வேண்டும். அப்போது நோயாளி அளவுக்கு மீறி அலறினால், உள்ளே தசை மூச்சு முட்டிக் கிடக்கிறது என்று பொருள். வீக்கம் கூடி, ரத்தம் போக வழியில்லாமல், சுமார் ஆறு மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கிவிடும். எக்ஸ்ரே இதைக் காட்டாது. அடுத்த காலைவரை பொறுக்கவும் கூடாது. கட்டை அங்கேயே பிளக்க வேண்டும். அதிலும் அடங்காவிட்டால் தசை உறையைக் கிழித்துவிட வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அந்த அலறலை 'வலி பொறுக்காத ஆள்' என்று கடந்துபோகாதிருக்கப் பழகுவதுதான் இந்தப் படிப்பின் அரிச்சுவடி.

இரண்டாவது பாடமும் மலைக்காரர்களுக்கு வேண்டியது. உயரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்து வந்தால் குதிகாலோடு நின்றுவிடாதே, முதுகெலும்பைத் தடவிப் பார். காலில் இறங்கிய அதிர்ச்சி தண்டுவடம்வரை ஏறியிருக்கலாம். குதிகால் வலியில் துடிப்பவர் முதுகைப் பற்றிப் பேசவே மாட்டார்.

கட்டுக்காரரும் டாக்டரும்

ஊர்ப்புறத்தில் எலும்பு முறிந்தால் பலர் முதலில் தேடுவது கட்டுக்காரரைத்தான். ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டின் பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை, துணி. பக்கத்திலேயே இருப்பார், அட்மிஷன் கிடையாது, ஆபரேஷன் பயம் கிடையாது. பல எலும்பு முறிவுகள் அவர் கையில் கூடியும்விடுகின்றன. காரணம் எளியது: எலும்பு தானாகக் கூடும். உடம்பு செய்கிற வேலை அது.

ஆபத்து இறுக்கத்தில் இருக்கிறது. விளையாடும்போது விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்த பிள்ளைக்கு இறுக்கிக் கட்டினால், எலும்பு கூடும், கை போகும். விரல்கள் பறவை நகம்போல் உள்ளே மடிந்து நின்றுவிடும். 1881-இல் ஜெர்மானியர் ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மன் விவரித்ததால், இது அவர் பெயராலேயே வழங்குகிறது. இதே தவறு மருத்துவமனை மாவுக்கட்டிலும் நேரும். ஆகவே கட்டுக்காரரைப் பார்த்துச் சிரிக்க எந்த டாக்டருக்கும் உரிமை இல்லை.

சிரிக்கக் கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நவீன எலும்பியலின் மூதாதையரில் ஒருவரான ஹ்யூ ஓவன் தாமஸ், வேல்ஸ் நாட்டுக் கட்டுக்காரர் பரம்பரையில் வந்தவர். லிவர்பூலில் கட்டுப் போட்டுப் பிழைத்த அப்பா, பிள்ளையை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார். மகன் வடிவமைத்த கம்பிச் சட்டத்தை முதல் உலகப்போரில் பரவலாகப் பயன்படுத்தியபோது, தொடை எலும்பு முறிந்த வீரர்களிடையே ஏறத்தாழ 80 சதவீதமாக இருந்த சாவு 20 சதவீத அளவுக்கு இறங்கியது என்கிறது மருத்துவ வரலாறு. 'தாமஸ் ஸ்ப்ளின்ட்' என்று நம் வார்டுகளில் இன்றும் கட்டிலோடு கட்டிக் கிடப்பது அதுதான். தாமஸின் தாரக மந்திரம் ஓய்வு: நேராக வை, அசையாமல் வை, காத்திரு.

பதினைந்தும் பதினாறும்

காத்திருக்க முடியாத காயங்களும் உண்டு. ஜீப்புக்கு அடியில் சிக்கி, தோல் கிழிந்து, எலும்பு வெளியே தெரிய, மண்ணும் சருகும் ஒட்டிய கால். காப்பாற்றுவதா, எடுத்துவிடுவதா? உலகமே திணறிய இந்தக் கேள்விக்கு ஒரு கணக்கு கோயம்புத்தூரில் பிறந்தது. கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ்.ராஜசேகரன் தலைமையிலான குழு வகுத்து, 2006-இல் ஆய்விதழில் வெளியிட்ட மதிப்பெண் முறை அது.

தோலுக்கு, எலும்புக்கு, தசை நரம்புகளுக்கு என்று தனித்தனியே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். அதற்கு மேல், நிலைமையை மோசமாக்கும் ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு. காயத்தைச் சுத்தம் செய்யப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் இரண்டு. சாணம், மண் போன்ற அழுக்கு ஏறியிருந்தால் இரண்டு. சர்க்கரை நோய் இருந்தால் இரண்டு. மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழே என்றால் காலைக் காப்பாற்றப் பாடுபடலாம். 17 அல்லது அதற்கு மேலே போனால் எடுப்பதே நல்லது.

தோட்டத்திலிருந்து இறங்கி, போடி தாண்டி, தேனி பக்கம் க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ வந்து சேருவதற்குள் எத்தனை மதிப்பெண் ஏறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சாலை இல்லாததும் இங்கே காயத்தில் சேர்த்திதான்.

நடுவே நிற்கிற 15-க்கும் 16-க்கும் அட்டவணையில் பதில் கிடையாது. அனுபவசாலி நேரில் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அந்த அனுபவம் புத்தகத்தில் ஏறாது. மூத்தவர் பக்கத்தில் நின்று, அவர் தோலைக் கிள்ளிப் பார்ப்பதையும், தசை துடிக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதையும், பிறகு வெளியே வந்து குடும்பத்தாரிடம் எந்தச் சொல்லில் தொடங்குகிறார் என்பதையும் வருடக்கணக்கில் பார்த்தால்தான் வரும்.

தூங்காத கண்கள்

இப்படி ஒட்டிப் பழகுவதற்கு பி.ஜி. கொடுக்கிற விலை தூக்கம். வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்று 1992-லேயே மத்திய அரசின் ரெசிடென்சி விதி சொன்னது. 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. முப்பது வருடத்தில் இலக்கே இத்தனை தூரம் தளர்ந்திருக்கிறது என்றால் நடப்பு எப்படியிருக்கும்? விரலை நிமிர்த்திப் பார்க்க மறக்கிறவர் பெரும்பாலும் படிக்காதவர் அல்லர்; தூங்காதவர்.

நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. 2020 செப்டம்பரில் அறிவித்த விதிப்படி, முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் ஒரு மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தாக வேண்டும். தேனி மாவட்டத்துக்கு அது பெரியகுளம். பெரிய கல்லூரியின் எம்.ஆர்.ஐ.யும் ஐந்து மூத்தவர்களும் இல்லாத இடத்தில், தன் கையையும் கண்ணையும் நம்பக் கற்கும் மூன்று மாதம் இது. நோயாளி எங்கிருந்து வருகிறார் என்று அப்போதுதான் தெரியும்.

அது தெரியாமல் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க முடியாது. புறநோயாளி வரிசையில் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்து, "எலும்பு கூடிருச்சா சார்?" என்று யாரும் முதலில் கேட்பதில்லை. "எப்போ வேலைக்குப் போகலாம்?" என்பதுதான் கேள்வி. கை எலும்புக்கு ஆறு முதல் எட்டு வாரம், காலுக்கு அதைப்போல் இரு மடங்கு என்பது வகுப்பில் சொல்லித்தரும் தோராயக் கணக்கு. ஏலக்காய் பறிப்பு தொடங்குகிற ஆடியில் முறிந்த கால், கார்த்திகையில்தான் கூடும். அதற்குள் அந்த வருடத்து வருமானத்தில் பெரும்பகுதி போயிருக்கும். மாவுக்கட்டு போதும் என்கிற முறிவுக்குக்கூட எலும்புக்குள் கம்பி இறக்கி, சீக்கிரம் ஊன்றி நடக்க வைக்கலாமா என்று யோசிக்க வைப்பது இந்த நாட்காட்டிதான். எக்ஸ்ரேயில் அது தெரியாது, கேட்டால்தான் தெரியும்.

மூன்றாம் ஆண்டு முடிவில் தேர்வறையில் பரிசோதகர் முன்னால் நிற்கும் பி.ஜி., நோயாளியின் பெயர், வயது சொன்ன கையோடு தொழிலையும் சொல்லியாக வேண்டும். முதல் வருடத்தில் அது ஒப்பிக்கிற வரி. 'ஏலத்தோட்டக் கூலி' என்ற அந்த இரண்டு சொல்லிலிருந்து மீதிச் சிகிச்சை முழுவதையும் யோசிக்கத் தொடங்கும் நாளில்தான் அவர் படிப்பு முடிகிறது.